மூன்றாம் நம்பர் பஞ்சிங் மெஷின்

ஜூன் 10, 2025, செவ்வாய்

ஐடி கார்டில் ரத்த வகையைத் தப்பாக அடித்திருந்தார்கள். ஹெச்.ஆர். அறைக்குப் போய் ஷ்யாமளா மேடத்திடம் தமிழில் சொன்னேன். பம்பாய் மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பெண். போனில் தன் அம்மாவோடு தமிழ் பேசுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். "இங்லிஷ் ஆர் ஹிந்தி, ப்ளீஸ்" என்றாள். என் தமிழ் தாராவித் தமிழ். அதற்குத் தமிழில் பதில் சொன்னால் தானும் தமிழச்சி என்று ஆபீசுக்குத் தெரிந்துவிடும்.

ஹிந்தியில் சொன்னேன். கார்டு இன்னும் மாறவில்லை.

செம்பூர் இன்ஸ்டிட்யூட்டில் சேரும்போது வாசலில் 'நூறு சதவீத வேலை' என்று போர்டு இருந்தது. எலக்ட்ரிகல் ஒரு வருடம், ஆட்டோமேஷன் ஆறு மாதம். இருபத்தெட்டுப் பேர் முடித்தோம். இந்த மான்குர்த் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அப்ரண்டிஸாக வந்தது இரண்டு பேர், நானும் ஜாபெஸும். ஆகஸ்டில் ஒருவரைத்தான் பெர்மனன்ட் ஆக்குவார்களாம்.

ஜூன் 13, வெள்ளி

முதல் இரண்டு மெஷின்களுக்கு அடுத்து மூன்றாம் நம்பர் பஞ்சிங் மெஷினிலும் லைட் கர்ட்டன் மாட்டி முடித்தோம். அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடுகிற மெஷின் அது. இரண்டு இரும்புத் தாடைகள் திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தில் அட்டையை உள்ளே வைக்க வேண்டும். இப்போது வாயின் இரு ஓரமும் இரண்டு கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. மூடும்போது கை குறுக்கே இருந்தால் மெஷின் நின்றுவிடும்.

இதற்கென்று தனி சேஃப்டி ரிலே வைக்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இங்கே ஒயரை நேராக பிஎல்சிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மெஷினை ஓட்டுகிற புத்தியே அந்தச் சின்னப் பெட்டிதான். அதை ஏமாற்றினால் எல்லாம் போச்சு. நாணு சாரிடம் கேட்டேன். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், பாலக்காட்டுப் பக்கம், பம்பாய்க்கு வந்து முப்பது வருடம். "ரிலே அடுத்த குவார்ட்டர்ல வாங்காம். இப்ப இது போதும், சலேகா" என்றார்.

மூன்றாம் மெஷினில் அட்டை வைப்பது சேசம்மா அத்தை. எங்கள் சாலில், அந்த ஒற்றை அறை வீட்டு வரிசையில், இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பதினொரு வருடமாகக் காண்ட்ராக்ட் ஆள். கோணலாக விழும் அட்டையை ஒரு மூங்கில் குச்சியால் தள்ளி நேராக்குவார். மற்ற மெஷின்களிலும் அப்படித்தான். ஆளுக்கொரு குச்சி வைத்திருக்கிறார்கள்.

நான் குச்சியை வாங்கி ஓரமாகப் போட்டேன். ஓடுகிற மெஷினுக்குள் என் கையை நீட்டினேன். நின்றது. மறுபடி நீட்டினேன். நின்றது.

"பாருங்கத்த. கை போனா தானா நின்னுரும். இனி குச்சி எதுக்கு?"

"ஏட்டி, நெசமாவே நிக்கா, இல்ல உன் மூஞ்சியப் பாத்துப் பயந்து நிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையைப் பிடித்து மூன்று தடவை உள்ளே வைக்க வைத்தேன். மூன்றாவது தடவை அவராகவே வைத்தார். படித்தது ஒரு ஆளுக்காவது உதவியதே என்று இருந்தது. ரயிலில் வரும்போது கூட்டத்தில் எல்லாப் பெண்களிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்: "எங்க மாரி மெஷினுக்குக் கண்ணு வச்சிருக்கா."

ஜூன் 20, வெள்ளி

மழை. குர்லாவில் முக்கால் மணி நேரம் நின்றோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது: "பெர்மனன்ட்னு எதுவும் சொன்னாவளா?" தினமும் இதுதான். சாப்பிட்டாயா என்று கேட்பது இதற்குப் பிறகு.

ஜூன் 26, வியாழன்

மழையில் அட்டை ஈரத்தைக் குடித்து அப்பளம் மாதிரி வளைகிறது. வளைந்த ஓரம் ஒளியை மறைத்தால் கை என்று நினைத்து மெஷின் நின்றுவிடும். முதல் மெஷின் இன்று காலையில் மட்டும் நாற்பது தடவை நின்றது.

நாணு சார் லேப்டாப்பை ஜாபெஸிடம் கொடுத்து, "ஃபோர்ஸ் கர், போடு" என்றார். ஃபோர்ஸ் என்றால், ஒளிக்குக் குறுக்கே எது வந்தாலும் ஒன்றும் வரவில்லை என்றே பிஎல்சி நம்பும்படி செய்துவிடுவது. இரண்டு கிளிக் போதும்.

ஜாபெஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சார், எழுதிக் குடுங்க, பண்றேன்."

நாணு சார் சிரித்தார். லேப்டாப் என் பக்கம் திரும்பியது. நான் போட்டேன். ஃபோர்ஸ் போட்டால் பிஎல்சியில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினார். பழக்கப்பட்ட கை.

"ஆப்பரேட்டரிடம் சொல்ல வேண்டாமா சார்?"

"சொல்லண்டா. சொன்னா பயம் வரும், கை ஸ்லோ ஆகும். டார்கெட் யாரு குடுப்பா, நீயா?"

முதல் மெஷின்காரர் இன்னும் குச்சிதான் வைத்திருக்கிறார். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜாபெஸ் ஸ்டேஷன் வரை பத்தடி முன்னாலேயே நடந்தான். அவன் அப்பாவுக்கு ரயில்வே வேலை. வடாலாவில் குவார்ட்டர்ஸ். முடியாது என்று சொல்வதற்கும் வசதி வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

கஸ்டமர் ஆடிட். காலையில் முதல் இரண்டு மெஷின்களின் ஃபோர்ஸையும் எடுத்தேன். டேப்பையும் உரித்தேன். சூட் போட்ட இரண்டு பேர் மெஷின் வாயில் பேனாவை நீட்டி நிற்கிறதா என்று பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி போட்டேன்.

நாணு சார் சொன்னார்: "உன்னெக்குறிச்சு மேல சொல்லியாச்சு."

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுத வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

பத்து இருபதுக்கு, நாணு சார் சொல்லி, மூன்றாம் மெஷினிலும் ஃபோர்ஸ் போட்டேன்.

பத்து ஐம்பதுக்கு—

நான் பேனல் பக்கம்தான் நின்றேன். பதினைந்தடி. சத்தம் எதுவும் பெரிதாக இல்லை. அட்டை வெட்டும் அதே சத்தம்தான். அதற்குப் பிறகுதான் அத்தை கத்தினது. கோணலா விழுந்த அட்டைய எடுக்க கைய விட்டுருக்கு. நிக்கும்னு. நாந்தானே சொன்னேன் நிக்கும்னு. குச்சியப் புடுங்கிப் போட்டது நாந்தானே.

முப்பது நிமிஷம். முப்பது நிமிஷத்துல ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். அத்த, இன்னைக்கு அது வேலை செய்யாது, கைய விடாதீங்கன்னு. அவ்வளவுதான். ஏன் சொல்லல? எனக்கே தெரியல. தெரியும். நாணு பாத்துக்கிட்டிருந்தான்.

பெட்டி அட்டையில் 'கவனமாகக் கையாளவும்' என்று ஹிந்தியில் அச்சடித்திருந்தது. அதன்மேல் எல்லாம் ரத்தம். அந்த லாட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மதியம் ஒரு மணிக்கு வேறு ஆளைப் போட்டு அதே மெஷினை ஓட்டினார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வலது கை.

ஷ்யாமளா மேடம் கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். உட்காரச் சொன்னாள். பிறகு தமிழ் வந்தது.

"பயப்படாதேம்மா. நம்ம தமிழ்ப் பொண்ணு, உன்னை நான் விட்டுடுவேனா? ஆத்துல யாரெல்லாம் இருக்கா?"

அம்மாவும் நானும் என்றேன்.

"பாத்தியா. நீதான் அவாளைக் காப்பாத்தணும். அந்த சேசம்மா சைடுலேர்ந்து கையை விட்டுட்டா. கர்ட்டன் சைடை கவர் பண்ணாது. டெக்னிக்கலா அது கரெக்ட்தானே?"

பக்கவாட்டில் ஒளி இல்லை. அது உண்மை. சேசம்மா அத்தை பக்கவாட்டிலிருந்து கையை விடவில்லை. அதுவும் உண்மை.

"லேப்டாப் லாகின் உன் பேர்லதான் இருக்கு. வேற மாதிரி ஏதாவது வந்தா முதல்ல உன்னைத்தான் கேப்பா, நாணுவை இல்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தண்ணீர் கொடுத்தாள். ஐந்து வாரம் இங்லிஷ், இன்று ஒரே நாளில் இவ்வளவு தமிழ். அதையே டைப் செய்து வைத்திருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 16, புதன்

அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபோர்ஸை எடுத்தாயிற்று. ஜாபெஸுக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடுகிற மெஷினுக்குள் கையை நீட்டினேன். நின்றது. அவர் எழுதிக்கொண்டார். தரையில் கழுவின ஈரம் இன்னும் காயவில்லை. யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? கேட்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. இதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஜூலை 17, வியாழன்

குர்லா பிளாட்பாரத்தில் ஜாபெஸ் பிடித்துக்கொண்டான்.

"டேப்ப நான் பாத்தேன் மாரி. பத்தரைக்கு, மூணாம் மெஷின் பேனல்ல. நான் எழுதிக் குடுக்கப் போறேன். நீயும் வா. ரெண்டு பேரு சொன்னாத்தான் நிக்கும்."

"உனக்கென்ன, உங்கப்பா ரயில்வே."

"அத்தைக்குக் கை போயிருச்சு. நீ எங்கப்பா வேலையப் பத்திப் பேசுற. சல், ஜானே தே, விடு."

வண்டி வந்தது. அவன் ஏறவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டு முழங்கை வரை. சேசம்மா அத்தை என்னைப் பார்த்ததும் அழுதார். என் மேல் கோபத்தில் இல்லை.

"ஏட்டி, உன் மெஷின நான் கெடுத்துட்டேனா? உனக்கு வேலைக்கு எதுவும் ஆயிராதுல்லா?"

அம்மா ஆரஞ்சு உரித்து அவர் வாயில் ஒவ்வொரு சுளையாக வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

திரும்பும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குச்சி, ஃபோர்ஸ், காகிதம். நடந்துகொண்டே கேட்டாள். சயான் பாலத்தில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "வேற யாருக்குத் தெரியும்?"

ஜாபெஸுக்கு என்றேன்.

"அவன் வேலைய விட்டுப் போயிருவாம்லா?"

ஜூலை 31, வியாழன்

ஜாபெஸின் அப்ரண்டிஸ்ஷிப்பை முடித்துவிட்டார்கள். 'ஒழுங்கீனம்'. எழுதிக் கொடுத்தானாம். ஒரே ஆள் சொன்னது, அதுவும் போட்டியில் இருந்தவன். பொறாமை என்று ஆகிவிட்டது.

போகும்போது தன் டெஸ்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். முந்தின மாதம் நான் இரவல் கேட்டிருந்தேன். திட்டிவிட்டுப் போயிருக்கலாம் நாய்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பெர்மனன்ட். அம்மா சால் முழுக்க லட்டு கொடுத்தாள். சேசம்மா அத்தை வீட்டிலும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரத்த வகை திருத்திய புது கார்டு. இந்தத் தடவை சரியாக இருக்கிறது. லிஃப்டில் ஷ்யாமளா மேடம். தமிழில் வணக்கம் சொன்னேன். "குட் மார்னிங்" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சேசம்மா அத்தை வந்தார். தலையில் எண்ணெய் வைத்து, சர்ச்சுக்குக் கட்டுகிற சேலை. அந்தக் கையைத் துண்டால் மூடியிருந்தார். காண்ட்ராக்டர் கொடுத்த நஷ்டஈட்டுப் படிவம் ஒன்று, நான்கு பக்கம், முழுக்க இங்லிஷ்.

"ஆபீசுல அந்த மேடம் சொல்லுச்சு, உங்க ஊர்ப் பொண்ணு மாரீஸ்வரி இருக்கால்லா, அவளே எழுதித் தருவான்னு. எனக்கு வெளிய எவன்ட்டயும் குடுக்கப் பயம். என்னத்தையாவது எழுதி ஏமாத்திப்புடுவானுவ."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

பெயர், வயது, கணவர் பெயர். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று ஐந்து வரி இடம். எனக்குக் கேட்கத் தேவையில்லை. என் காகிதத்தில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒன்றாக இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். பக்கவாட்டிலிருந்து, தடுப்பைத் தாண்டி, சொல்லியும் கேட்காமல், என் சொந்தக் கவனக்குறைவால் கையை உள்ளே விட்டேன். ஐந்து வரியும் சரியாக நிரம்பியது.

அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம் மேல தப்புன்னு மட்டும் எழுதிராதம்மா. நீ சொன்ன மாதிரிதான் கைய வச்சேன். அன்னைக்குன்னு பாத்து அந்த லைட்டு ரிப்பேரு. அத எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்த."

"வாசி, கேப்போம்."

வாசித்தேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, தமிழில், அவர் சொன்னதை. லைட் ரிப்பேர் என்று. தடுமாறவில்லை.

திருப்தியாகத் தலையாட்டினார். பேனாவை இடது கையில் வாங்கி 'சே' போட்டுப் பார்த்தார். கோடு எங்கேயோ போனது. வெட்கப்பட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வேத புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படிக்கிறவர்.

அம்மாவின் ரேஷன் பைக்குள் இங்க் பேட் இருந்தது. அவர் இடது கைப் பெருவிரலை நான்தான் பிடித்து மையில் வைத்தேன். காகிதத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. விரலின் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். நன்றாகப் பதிந்தது.

நாளை காலை ஷ்யாமளா மேடத்திடம் கொடுக்க வேண்டும்.