வேப்பங்குச்சியால் எடுத்த பாசி

என் பிரியமான முத்தக்கா,

அச்சில் பழுதான காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். சிவகாசியிலிருந்து எனக்காக நீ வாங்கி வந்த தாள்கட்டு இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. நீ போய் ஐந்து வாரம் ஆகிறது.

பள்ளிக்கூடத்தில் நடப்பதைச் சொல்ல இப்போது எனக்கு ஆளில்லை. அப்பா கேட்டுக்கொள்வார், பதில் பேச மாட்டார். நீ என்றால் பாதியிலேயே மறித்து நூறு கேள்வி கேட்பாயே.

அந்தப் பாசி விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆளுக்குக் கொஞ்சம் குளத்துப் பாசி கொண்டு வரும்படி சயின்ஸ் டீச்சர் சொன்னார். விஸ்வநத்தத்தில் பட்டாசுச் சரம் பின்னிவிட்டு நீ கண்மாய்க் கரை வழியாகத்தானே வீடு திரும்புவாய்? உன்னிடம் கேட்டேன். ஒரு கை நிறைய அள்ளி வந்தாய். ஆனால் விரலிடுக்கெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளித்தூள். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாய். பிறகு பாசியை எட்டு முறை தண்ணீர் மாற்றி அலசினாய். "மருந்து பட்டா உன் பாசி செத்துப் போகும்ல" என்றாய். கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்பது கம்பெனியில் படிந்த பழக்கம்.

மறுநாள் டீச்சர் லென்ஸில் பார்த்துவிட்டு, பாசி இழை மேல் ஒரு ஊரே குடியிருக்கும், இது துவைத்துக் காயப்போட்டது மாதிரி இருக்கிறதே என்றார். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "உன் கை பட்டா எதுவும் உயிரோட இருக்காது."

நீ கோபப்படவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். "சரி தாயி, நாளைக்கு அழுக்கோடவே கொண்டாரேன்" என்று மட்டும் சொன்னாய்.

மறுநாள் ஒரு மைப்பாட்டிலை நீட்டினாய். "கையே வைக்கலை, பாத்துக்கோ. வேப்பங்குச்சியாலதான் எடுத்தேன்." எனக்கு அப்போதும் முறைப்பு. வாங்கி ஜன்னலில் வைத்தேன், அவ்வளவுதான். அன்றே உனக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

பாட்டிலை நான் தொடவே இல்லை. கொசு அடைகிறது, கொட்டிவிடு என்று அம்மா போன வாரம் சொன்னாள். கொட்ட மனசு வராமல் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

அக்கா, பச்சை நூல் மாதிரி ஒரு இழை. அதன் இரண்டு பக்கமும், நீ பின்னுகிற சரத்தில் வெடிகள் நிற்பது போல, வரிசையாக உயிர்கள். பழுப்புக் கண்ணாடியில் செய்த குட்டிப் படகுகள். காம்பில் நிற்கும் மணிகள், தட்டினால் சுருண்டு மறுபடி நிமிர்கின்றன. அவற்றுக்கு இடையில் புள்ளி புள்ளியாக இருப்பவை பாக்டீரியா என்றார் டீச்சர். தலைமயிர் அளவு இழையில் இத்தனை பேர் நெருக்கியடித்துக் குடியிருக்கிறார்கள். "இங்கன பாரு" என்று திரும்பினேன். பக்கத்தில் நீ இல்லை.

அப்புறம் டீச்சர் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வந்தார். நான் முதலில் கொண்டுபோன, நீ அலசிய பாசி. தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்திருந்தாராம். அதையும் பார்த்தேன். அதிலும் அதே கூட்டம், அதே மணிகள்.

"கழுவுனா எல்லாமே போயிராதும்மா" என்றார் டீச்சர். "இறுக்கிப் பிடிச்சிருக்கிறது தங்கிரும். அதுகளே பெருகித் திரும்பக் குடியேறிரும்."

அது எட்டுத் தண்ணீர் கண்ட பாசி. உன் இரண்டு கையும் பட்ட பாசி. இது தெரியாமலே போய்விட்டாயே? காய்ச்சல் தணியட்டும், மன்னிப்புக் கேட்கலாம் என்று எட்டு நாளும் இருந்துவிட்டேன். நான் சொன்னதை நினைத்துக்கொண்டா படுத்திருந்தாய்?

ரெக்கார்டு நோட்டில் இரண்டு இழைகளையும் வரைந்திருக்கிறேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். அன்றைக்குச் சிரித்தவர்களும் படிக்கட்டும்.

சனிக்கிழமை கண்மாய்க்குப் போவேன். பாட்டிலில் இருப்பதை நீ எடுத்த கரையிலேயே விட்டுவிட்டு, புதுப் பாசி எடுத்து வருவேன். குச்சி வேண்டாம் அக்கா. கையாலேயே அள்ளுவேன்.

நீ தாயி என்று கூப்பிட்ட உன் தங்கை,
சரசு