மழைக்கு முந்தின நெல்

மார்கழி 22

காலையில் மூட்டம். வீட்டுச் சொந்தக்காரர் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் பஞ்சர். தாமல் கிராமத்துக்குப் போய்ச் சேரக் காலை 10 மணி.

மகசூல் மதிப்பீட்டுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது கன்னியப்பன் வயல். அங்கே நிறுக்கிற நெல்தான் ஊர் முழுவதற்கும் கணக்கு. வழக்கமாகச் சீட்டு விழுந்தவர் ஒளிந்துகொள்வார். இவரோ முளைக்குச்சிக்கு மஞ்சள் பூசி, அளவுக் கயிற்றில் மாவிலை கட்டி, ஊரையே கூட்டி வைத்திருக்கிறார். "நம்ம தாமல்தான் சார் ஜில்லாவுல மொதல்ல வரணும்!"

கயிற்றுக்குள் இருந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்தேன். பிரமாதமான நெல். ஏரி நிரம்பிய வருஷம், பூக்கும் சமயத்தில் நல்ல வெயில். ஊரே கைதட்டியது. மீதி வயலுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். நாளை மறுநாள் அறுப்பு.

வாங்க: பஞ்சர் பசை, சோப்பு, பிளேடு.

மார்கழி 23

அறிக்கை அனுப்பியாயிற்று. சாயங்காலம் தூறல்.

மார்கழி 28

விடாத மழை. இந்த மாதத்தில் இதை யார் கேட்டார்கள்? குடை கிழிசல். ஒரு சட்டைகூடக் காயவில்லை.

தாமலில் அத்தனை வயலும் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது. கன்னியப்பன் ஒரு கதிரைப் பிடுங்கிக் காட்டினார். கதிரிலேயே முளை விட்டிருக்கிறது. 

மார்கழி 29

இன்னொரு தடவை அறுத்து நிறுக்க ஆபீசரிடம் அனுமதி கேட்டேன்.

"ஒரு வயலுக்கு ஒரு தடவைதான்யா. இப்ப அறுத்தா அது மழைக் கணக்கு. நமக்கு வேண்டியது மகசூல் கணக்கு."

 கோபத்தில் டீ குடிக்கவும் மறந்துவிட்டது.

தை 3

பொங்கல் சப்பென்று போனது. தாமல்காரர்கள் வரி தள்ளுபடி கேட்டு வந்தார்கள். ஆபீசர் பதில்: ஜில்லாவிலேயே அதிக விளைச்சல் உங்கள் ஊரில்தான், தள்ளுபடி எதற்கு?

ஆபீஸ் வாசலிலேயே கன்னியப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று கைதட்டியவர்கள்தான். "உன் ஜம்பத்துக்கு எங்க வயித்துல அடிச்சிட்டியேடா!"

அவர் என்னைத் தனியே இழுத்துப் போனார். "அந்த நெல்லு என் வயல்ல வெளைஞ்சது இல்லன்னு எழுதிடு சார். நான் ஏமாத்திட்டேன்னே எழுது. ஜெயிலுக்கு வோணாலும் போறேன்."

எப்படி எழுத? நிறுத்தது நான். என்ன பிழைப்பு இது. 

தை 9

சுள்ளென்று வெயில். இப்போது அடித்து என்ன புண்ணியம்?

ஆபீசர் சிரித்தபடி ஓர் உத்தரவை நீட்டினார். அதிக மகசூல் எடுத்த கன்னியப்பனுக்குப் பரிசாம். உர மூட்டை ஒன்று. நான் போய் அழைத்து வர வேண்டுமாம். வேறு ஆள் கிடைக்கவில்லையா இவருக்கு!

போனேன். அழுகல் வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். உத்தரவைப் படித்துக் காட்டியதும் வைக்கோலைக் கீழே போட்டார்.

"உரத்த வச்சிக்கினு இன்னா சார் பண்றது? அதுக்குப் பதிலா ஒரு மூட்டை அரிசி குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு சார். வூட்ல சோத்துக்கு இல்ல."