கெமிஸ்ட்ரி சார் முன்பு பார்த்த வேலை

ஓசூர்,
புதன்கிழமை மதியம்.

அன்புள்ள மகள் மாதேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இப்போது நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் நலம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன், இந்த முறை முடியவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் நீ போன் செய்தபோது என் குரல் கரகரவென்று இருந்ததே, சளி என்று அப்பா சொன்னாரே, அது சளி இல்லை கண்ணு. ஸ்கூலில் ஒரு விஷவாயு புகுந்து நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அப்பா பயந்தார். இன்று காலை டாக்டர் நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் பாதியை விட்டுவிடுவேன். முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் லேப் அட்டெண்டராக இருக்கிற இந்த இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஜூன் மாதம் ஒரு வழவழப்பான புத்தகம் அச்சடித்தார்கள். சயின்ஸ் டீச்சர்களின் பின்னணி என்ன, அவர்களுக்கு எதில் ஆர்வம் என்று ஆளுக்கொரு பக்கம், வெள்ளைக் கோட்டு மாட்டி போட்டோ. அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். கெமிஸ்ட்ரிக்கு ராஜசேகர் சார், நாகரசம்பட்டிக்காரர், மாந்தோப்புக் குடும்பம். அவர் பக்கத்தில் ‘தொழில்துறை ஆராய்ச்சியாளர்’ என்று போட்டிருந்தது. பயாலஜிக்கு பாரூர் சுகுணா மிஸ், ‘ஈரநில ஆய்வு நிபுணர்’. பிசிக்ஸுக்கு அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கௌடா சார், ‘விமான வடிவமைப்பாளர்’. டீச்சர்களிடம் நிரப்பி வாங்கிய படிவங்களை லேபிலிருந்து ஆபீசுக்கு எடுத்துப் போனவள் நான்தான். போகிற வழியில் மேலே இருந்ததைப் படித்தேன், தப்புதான், படித்தேன். ராஜசேகர் சார் தன் கையெழுத்தில் முன்பு பார்த்த வேலை என்ற இடத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர், ஒன்பது வருடம் என்று எழுதியிருந்தார், ஆர்வம் என்ற இடத்தில் மாங்கன்று ஒட்டுக்கட்டுவது என்று. அது புத்தகத்தில் எப்படி ஆராய்ச்சியாளர் ஆனது என்று அன்றைக்கு நான் பெரிதாக யோசிக்கவில்லை. பெரிய இடத்தில் இப்படித்தான் போடுவார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை மூன்றாவது பீரியட். நான் முதல் மாடி லேபில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன், சார் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது, பாத்ரூம் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். சார் பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். ‘சாந்தம்மாக்கா, யாராச்சும் பிளீச்சிங் கொட்டுனாங்களா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போனது. நம் ஸ்கூல் மேட்டில் இருக்கிறது, மைதானம் பின்னால் பள்ளத்தில், அதற்கும் பின்னால் காம்பவுண்டை ஒட்டி ஒரு பழைய இரும்புக் குடோன். அந்தக் குடோனிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை சுவரைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. மேலே போகவில்லை, தரையில்தான் ஊர்ந்தது. வாயு மிச்சமிருந்த சிலிண்டரை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதே நேரம் லேப் வாசலில் இருக்கிற இன்டர்காம் அடித்தது, பிரின்சிபால் மேடம். ஏதோ எரிகிற வாடை வருகிறது, ஃபயர் டிரில் பெல்லை அடி, எல்லாரும் மைதானத்துக்குப் போகட்டும் என்றார். பெல் சுவிட்ச் எங்கள் மாடி வராந்தாவில், அதை அடிப்பது என் வேலை. விரலை வைத்துவிட்டேன். சார் ஓடி வந்து ‘அடிக்காதீங்க்கா, இது குளோரின். கனமான வாயு, பள்ளத்துலதான் போய்த் தேங்கும். கிரவுண்டுக்கு எறக்குனா புள்ளைங்களை அதுக்குள்ளயே கொண்டுபோய் நிறுத்துன மாதிரி. எல்லாரும் மேல் மாடிக்கு ஏறணும்’ என்றார்.

கண்ணு, நான் உடனே கையை எடுக்கவில்லை. இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு பக்கம் மேடம் போனில் என்ன ஆச்சு, ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று கத்துகிறார், ஒரு பக்கம் இவர். பெல் அடிக்காமல் விட்டு நிஜமாகவே தீயாக இருந்தால் என்ன செய்வது என்று விரலை சுவிட்சிலேயே வைத்திருந்தேன். உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார், ‘ஒன்பது வருசம் இந்த நாத்தத்துலதாங்க்கா ஷிஃப்ட் பார்த்தேன். தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டு. என்கூட இருந்த மாதப்பன் இப்படித்தான் பள்ளத்துல எறங்கினான், திரும்ப ஏறல.’ அதைக் கேட்டதும் விரலை எடுத்துவிட்டேன். ஒரு நிமிடம் இருக்கும், கூடவும் இருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பிறகு நாங்கள் ஒவ்வொரு வகுப்பாக ஓடினோம். ஏசியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து, மூன்றாம் மாடிக்குப் போ. சுகுணா மிஸ் ஒரு கேள்வி கேட்காமல் சின்னப் பிள்ளைகளை இரண்டு இரண்டாகக் கைகோக்க வைத்து மேலே ஏற்றினார். கௌடா சார் மட்டும், மேடம் ஆளனுப்பிச் சொன்னார் என்று, தன் வகுப்பை வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார், டிரில் என்றால் டிரில்தான், நாளைக்கு யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். ராஜசேகர் சார் படியின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார், ‘என்னைத் தள்ளிட்டுப் போங்க சார், அப்பவும் விடமாட்டேன்’ என்றார். அதற்குள் கீழ்ப்படியில் வாடை ஏறி முன்னால் நின்ற பையன் இருமினான். கௌடா சார் உடனே பிள்ளைகளைத் திருப்பினார்.

அப்போதுதான் ஆறாம் வகுப்பு விளையாட்டு பீரியடுக்கு மைதானத்தில் இருப்பது ஞாபகம் வந்தது, இருபத்து மூன்று பிள்ளைகள். சார் லேப் துண்டுகளைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினார், நீங்க வராதீங்க்கா என்றார், நான் மிச்சத் துண்டுகளோடு பின்னாலேயே போனேன். பி.டி. மாஸ்டர் மாரிமுத்து அதற்குள் பாதிப் பேரைக் கிழக்குக் கேட் பக்கம் ஓட்டியிருந்தார், காற்று அந்தப் பக்கம் வரவில்லை. நான் எட்டுப் பேர் முகத்தில் துண்டை வைத்து இழுத்துக்கொண்டு போனேன். கண் எரிகிறது, நெஞ்சுக்குள் மிளகாயைக் கொட்டியதுபோல் இருக்கிறது, எண்ணிக்கொண்டே ஓடினேன். கேட்டுக்கு வெளியே எண்ணினால் இருபத்து இரண்டு. அனுப்ரியா என்று ஒரு பெண், வீசிங் உள்ள பிள்ளை, குழாயடியில் விழுந்து கிடந்திருக்கிறாள். சார் திரும்பிப் போய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ் சத்தம்தான் எனக்கு நினைவு.

நான் மூன்று நாளில் வீட்டுக்கு வந்தேன், சார் நான்கு நாள். அனுப்ரியாவுக்கு ஐந்து நாள் மூச்சுக் குழாய் வைத்திருந்தார்கள். அவள் அம்மா ஜோதியம்மாளை நான் நேராகப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஆறாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள் என்று செய்தி வந்தபோது வாய்விட்டு அழுதேன்.

இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். எல்லாரும் சாரைப் புகழ்ந்தார்கள். ஒருவர் மட்டும், இவருக்கு எப்படி வாடையிலேயே தெரிந்தது என்று கேட்க, இன்னும் உடம்பு தேறாத சார் உள்ளதைச் சொல்லிவிட்டார். உடனே புத்தகத்தை எடுத்தார்கள். ஆராய்ச்சியாளர் என்று போட்டு எங்களை ஏமாற்றினீர்களா, மற்றதெல்லாம் உண்மையா என்று கூட்டம் தலைகீழாகிவிட்டது. மறுநாளே சாருக்கு மெமோ, பொய்த் தகவல் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்று. சனிக்கிழமை விசாரணை. எனக்கும் கடிதம் வந்தது, உத்தரவை மீறி பெல் அடிக்காததற்கு விளக்கம் கேட்டு.

விசாரணைக்குப் போனால் எனக்காக ஒரு பேப்பர் டைப் செய்து தயாராக வைத்திருந்தார்கள். தாளாளர், பிரின்சிபால் மேடம், ஒரு வக்கீல், எதிரே மூன்று சயின்ஸ் டீச்சர்களும். படித்துக் காட்டக்கூட இல்லை, கையெழுத்துப் போடுங்கள், உங்கள் மேல் நடவடிக்கை இருக்காது என்றார் வக்கீல். நானே படித்தேன். ராஜசேகர் தன்னை ஆராய்ச்சியாளர் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், பெல் அடிக்கவிடாமல் என் கையைத் தட்டிவிட்டார், இப்படி. இருபது வருடம் அடக்கமாக இருந்து பழகிவிட்ட வாய், திறக்கவே மாட்டேன் என்றது. பிறகு சொன்னேன், அவர் என் கையைத் தொடவே இல்லை, நானாகத்தான் எடுத்தேன், அவர் படிவத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர் என்றுதான் எழுதியிருந்தார், நான் பார்த்தேன் என்று. படிவம் எங்கே என்றால் ஆபீசில் இல்லையாம். தாளாளர் என்னை ஏற இறங்கப் பார்த்து, உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்றார். ‘பிளஸ் டூல சயின்ஸ் குரூப்புங்க. அது இல்லன்னாலும் அந்த ரெண்டு வார்த்தை எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்கு எல்கேஜியில இருந்து காலேஜ் வரைக்கும் தகப்பன் தொழில்ங்கற எடத்துல நான்தான் என் கையால அதை எழுதுனேன்’ என்றேன். உடனே சுகுணா மிஸ் எழுந்து, என்னுடையதையும் மாற்றினீர்கள், லீவு நாளில் பாரூர் ஏரியில் தவளை எண்ணுவேன் என்று நான் எழுதியதைத்தானே நிபுணர் ஆக்கினீர்கள் என்று கேட்டார். கௌடா சாரைக் கேட்டார்கள். அவர் மேஜையைப் பார்த்தபடி ‘நங்கொத்தில்ல’ என்றார், எனக்குத் தெரியாது என்று. எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு முழுவதும் வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தோம். திங்கட்கிழமை காலை அதே கௌடா சார் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்தார். நான் விமானம் வடிவமைத்தவன் இல்லை, பெங்களூர் கம்பெனியில் பதினோரு வருடம் ஸ்டோர்ஸில் உதிரிப் பாகம் எடுத்துக் கொடுத்தவன், அதைத்தான் எழுதிக் கொடுத்தேன், என் பக்கத்தையும் திருத்துங்கள் என்று. லேப் வாசலில் என்னைப் பார்த்து ‘தப்பாய்த்தம்மா’ என்றார், தப்பாகிவிட்டதம்மா என்று, கண் கலங்கியிருந்தது. நடுப் பருவத்தில் மூன்று சயின்ஸ் டீச்சர்களையும் வெளியே அனுப்ப முடியுமா? மாலையில் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தையும் எடுத்துவிட்டார்கள். நேற்று ராஜசேகர் சார் பத்தாம் வகுப்புக்குப் போனார், பிள்ளைகள் பாடம் வேண்டாம், அந்தப் பிளான்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பீரியட் முழுக்கச் சொன்னார். மாதப்பன் பெயர் வந்த இடத்தில் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார்.

என்னை மட்டும் லேபிலிருந்து ஹாஸ்டல் ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆர்டரில் காரணம் இல்லை. காரணத்தை எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் எழுதவில்லை, அதனால் இன்னும் லேபில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது, நீ பயப்படாதே, டிக்கெட் போட்டுக்கொண்டு வராதே. வேளைக்குச் சாப்பிடு, ஹீட்டர் போட்டுக்கொண்டு அறையை முழுக்க அடைத்துக்கொள்ளாதே, உன் கம்பெனி லேபில் எந்தப் பக்கம் வெளியே போவது என்று நாளைக்கே நடந்து பார்த்து வை.

இன்னும் ஒன்று. சனிக்கிழமை விசாரணைக்கு அப்பா லீவு போட்டு என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டார், நான் வரும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். திரும்பும்போது உள்ளே நான் சொன்னதை, அந்தத் தகப்பன் தொழில் பேச்சையும் சேர்த்து, பின்னால் உட்கார்ந்தபடி சொன்னேன். அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓட்டினார், ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும். கர்நாடகா வந்துவிட்டதே, எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்ட பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரிப் புகை என்றார்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று முதலில் அடம்பிடித்தவர் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது ஏன் மறைத்தாய் என்று சண்டைக்குப் போகாதே, நீயாக எதையும் கேட்காதே, அவரே சொல்வார். நம் குலதெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் நல்ல மூச்சோடும் இரு. அப்பா பேசும்போது நடுவில் சத்தம் நின்றுபோனால் லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வெ. சாந்தம்மா