குழாய்த் தண்ணீர்

பிளோவ்டிவ்,
செப்டம்பர் 14

அன்புள்ள காமென்,

உன் கம்பெனியில் மின்னஞ்சலையெல்லாம் படிப்பார்களாமே, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நலமா? நான் நலமில்லை. நம் நொதி செத்துவிட்டது.

அதே வெந்நீர் ஊற்றுச் சேற்றில் எடுத்த பாக்டீரியா, அதே கோதுமைத் தவிடு. புதுக் கட்டடம், புது மெஷின்கள். எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் மாவுச்சத்தை உடைக்கும் என்று நாம் கட்டுரையில் எழுதினோம். இப்போது பத்து நிமிஷம் தாங்கவில்லை. புரொபசர் கோச்செவ் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "ஜோர்னிட்சா, அன்னைக்கு நீங்க அளந்தீங்களா, இல்ல ஆசைப்பட்டீங்களா?"

நவம்பரில் லேபை மதிப்பிடும் குழு வருகிறது. அதற்குள் செய்து காட்டாவிட்டால் லேபை மூடுவார்கள், எனக்குப் பொய்க்கணக்குக்காரி என்ற பெயரும் நிலைக்கும். வளர்த்தது நீ, அளந்தது நான். என்ன செய்தாய் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் ஜோரி

கோபன்ஹேகன்,
செப்டம்பர் 29

என் ஜோரிக்கு முத்தங்கள்.

இங்கே ஓயாத மழை. தக்காளி என்று ஒன்று விற்கிறார்கள், வாயில் வைக்க முடியவில்லை. மிளகாய் சுட்டு லியூடெனிட்சா கிளறியிருப்பாயே, ஒரு புட்டி அனுப்பக் கூடாதா?

நொதிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. வெப்பமானியைச் சரிபார். அமில அளவையும் பார். கட்டுரையில் இருப்பதைத்தான் செய்தேன், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

காமென்

பிளோவ்டிவ்,
அக்டோபர் 17

காமென்,

வெப்பமானி, அமில அளவு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் காப்பாற்றியது என் கோபம்தான். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் அடைத்துக்கொண்டது. போய்த் தொலை என்று குழாயிலேயே பிடித்துத் தவிட்டைக் கரைத்தேன். கெட்டிலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர். நொதி ஒரு மணி நேரம் நின்றது! அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அவ்வளவுதான். புது மெஷின் அதைத்தான் ஒட்ட வடித்துவிட்டிருக்கிறது.

கட்டுரையில் 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதியது நீ. வேதியியல் கட்டடத்திலிருந்து கேன் கேனாக மாடியேற்றுகிறேன் என்றாயே. பாவம் என்று தினமும் உன் தோளுக்கு ராக்கியாச் சாராயம் தேய்த்துவிட்டேனே! வெட்கங்கெட்டவனே, நல்ல சரக்கு அது.

சரி, பழைய லேபின் அந்த வறுமையில் யார்தான் வடித்தார்கள்? இருவர் பெயரிலும் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புவோம். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஜோரி

கோபன்ஹேகன்,
நவம்பர் 2

என் கண்ணான ஜோரி,

திருத்தம் இப்போது வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். குழுவுக்குச் சுண்ணாம்பு போட்டுக் காட்டிவிடு. யார் கேட்கப் போகிறார்கள்?

இங்கே கம்பெனியிலும் அந்த நொதியைத்தான் செய்து பார்க்கிறோம், அது நிற்கவில்லை என்று என் உயிரை வாங்கினார்கள். அளந்தது ஜோர்னிட்சா என்று மட்டும்தான் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சுண்ணாம்பு சேர்த்தேன், நின்றது. நானே கண்டுபிடித்ததாகக் கைதட்டினார்கள். மறுக்க வாய் வரவில்லை. ஜனவரியில் என்னை நிரந்தரமாக்குவார்கள். அப்புறம் உன்னையும் அழைத்துக்கொள்கிறேன். இதெல்லாம் நமக்காகத்தானே?

உன் காமென்

பிளோவ்டிவ்,
நவம்பர் 23

காமென்,

குழு வந்தது. அவர்கள் முன்னாலேயே குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் நொதி மாவுச்சத்தை உடைத்தது. கோச்செவ் தலையில் அடித்துக்கொண்டார்: "அடக் கடவுளே, நாங்களும் அந்தக் காலத்துல குழாயிலதான் பிடிச்சோம், வடிச்சதுன்னுதான் எழுதினோம்." எல்லோரும் சிரித்தார்கள். லேப் பிழைத்தது.

திருத்தத்தை என் பெயரில் மட்டும் அனுப்பிவிட்டேன். சுண்ணாம்பை யார், எந்தத் தேதியில் கண்டுபிடித்தது என்றும் அதில் இருக்கிறது. உன் கம்பெனியிலும் அந்தப் பத்திரிகை வாங்குவார்கள்.

தண்ணீர்ப் பொய்யோடு முடிந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அங்கே நொதி நிற்காதபோது 'அளந்தது அவள்' என்றாய். நின்றபோது என்னை மறந்துவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். உன் சாமான்களை எடுக்க வருவதானால் பகலில் வா. நான் லேபில் இருப்பேன்.

ஜோர்னிட்சா