குதிகால்கள் போட்ட வட்டம்

பண்டாரவளை,
19.01.2025

அன்பின் நிரஞ்சி,

உன் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறி வந்து பேசினாலும் நான் பத்து சொல்வேன், நீ "ம்... சரி" என்று ஒன்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். பதுளையில் வாப்பாவின் கடையில் கொடுத்தால் அவர் லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வாப்பா இன்னும் கடைக்கு வருகிறவர்களிடம் "மகள் பூந்தோட்டம் போடுற எஞ்சினியர்" என்றுதான் சொல்கிறார். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் என்று சொல்லிக் கொடுத்துக் களைத்துவிட்டேன்.

போன மாதத் தொடக்கத்தில் உங்கள் தோட்டத்துக்கு வந்தேனே, அந்தக் காலையை என்னால் மறக்கவே முடியவில்லை. எந்த மழைக்கும் சரியலாம் என்று வெடித்துப் போன மலைக்குக் கீழே வரிசை வீடுகளாக உங்கள் லயங்கள், மேலே உங்களைக் குடியேற்றப் புது வீடுகள் கட்டும் செம்மண் மேடு, இரண்டுக்கும் நடுவே மூடுபனி. வீடுகளை வேறு ஆட்கள் கட்டட்டும், அந்த மேட்டின் நடுவில் உங்கள் எல்லோருக்கும் பொதுவான மைதானத்தை எங்கள் நிறுவனம் சம்பளம் வாங்காமல் செய்து தருகிறது என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் முதலாளி ஹுமைத் சேருக்கு ஒரு சட்டம் உண்டு: ஆட்களைக் கேட்காமல் பென்சிலைத் தொடக்கூடாது. அதனால்தான் எல்லோரும் ஒன்றாகக் கூடும் இடமாகப் பார்த்து, வேலைக்குப் போகுமுன் பெரட்டுக் களத்திலேயே கூட்டம் வைத்தேன்.

என்ன அருமையான ஆட்கள்! புல்தரை வேண்டுமா என்றால் "ஆமாங்க மிஸ்". பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்கார வாங்கு போடவா என்றால் "போடுங்க மிஸ்". நடுவில் பூப்பாத்தி, வளைந்து போகும் கல் நடைபாதை, எல்லாவற்றுக்கும் "சரிங்க மிஸ்". ஒரு ஆள்கூட மறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை என்று சேரே அதிசயப்பட்டார். அதை வைத்து நான் வரைந்த படத்தைக் கொழும்புக் கண்காட்சிக்கும் தெரிவு செய்துவிட்டார்கள். பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

நீ மட்டும் மூன்றாவது வரிசையில் யாரோ போல நின்றாய். உயர்தர வகுப்புப் படிக்க எங்கள் வீட்டில் வந்து தங்கிய இரண்டு வருடமும் நான் எதைச் சொன்னாலும் சரி என்று சிரிப்பவள், அன்று சிரிக்கக்கூட இல்லையே? தலைவலியா? உம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
ஜெனீரா


ஆனைக்கல் தோட்டம், கீழ்ப்பிரிவு,
லுணுகலை.
27.01.2025

அன்புள்ள ஜெனி,

கடிதம் வந்தது. பள்ளிக்கூட வாசலில் கொண்டக்டர் கத்திக் கூப்பிட்டுக் கொடுத்ததில், டீச்சருக்கு யாரோ காதல் கடிதம் அனுப்புகிறார்கள் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஜீவனுக்கும் சேதி போய்விட்டது. உறையைத் திருப்பிப் பார்த்து "ஜெனீராவா, சரிதான்" என்று பெருமூச்சு விட்டார். நாங்கள் சுகம். மழை விட்டிருக்கிறது. மழை விட்டால்தான் எங்கள் லயத்தில் தூக்கம்.

எனக்குத் தலைவலி இல்லை. உன் படம் அழகு. மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மைதானம் இங்கே ஒருவருக்கும் வேண்டாம்.

நீ எங்களிடம் கேட்டது பிழையில்லை, கேட்ட இடம்தான் பிழை. பெரட்டுக் களம் என்றால் என்னவென்று நீ நினைத்தாய்? காலையில் கங்காணி பேர் கூப்பிடுகிற இடம். இன்றைக்கு இன்ன மலைக்குப் போ என்று தொரை சொல்கிற இடம். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து அங்கே வரிசையில் நின்று சொல்லப்பட்ட சொல் ஒன்றுதான், "சரிங்க". வேறு சொல் சொன்னவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. நீ கையில் தாளோடு, மேலே படியில் நின்று, காலை நேரத்தில் கேட்டாய். மலையைப் பெயர்த்துக் கடலில் போடவா என்று கேட்டிருந்தாலும் "போடுங்க மிஸ்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கலைந்து போகும்போது, தப்பு மேளம் அடிக்கும் சின்னராசா அண்ணன் கேட்டார்: "டீச்சர், இனிமே காமன எங்க ஊனுறது? அந்தப் பூப்பாத்தியிலயா?"

மாசி மாதம் கம்பம் ஊன்றி நாங்கள் ஆடுகிற காமன் கூத்தை நீ பார்த்ததில்லை. அதற்கு ஊரே கூடி நிற்கிற மாதிரி ஒரு பொட்டல் வேண்டும். கீழே இருக்கிற பொட்டல் மலையோடு போகப் போகிறது. மேலேயும் இல்லையென்றால், அவ்வளவுதான். கோபப்படாதே. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் அன்பு.

உன்,
நிரஞ்சலா


பண்டாரவளை,
05.02.2025

நிரஞ்சலா,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். இரண்டாவது தடவை படிக்க மனம் வரவில்லை.

ஒரு மாதம் இராப்பகலாக உட்கார்ந்து வரைந்த படம் அது. அவர்களுக்கு வாய் இருக்கிறதுதானே? நான் தொரையா? ஹார்ட்வெயார் கடைக்காரரின் மகள். உங்கள் தோட்டத்துச் சேற்றில் செருப்பு அறுந்து வெறுங்காலோடு நடந்தவள். சரி, அவர்கள் பயந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீ? பட்டம் படித்த டீச்சர், என்னோடு ஒரே கட்டிலில் படுத்தவள். கையைத் தூக்கி "ஜெனி, இது வேண்டாம்" என்று சொல்ல உனக்கு என்ன வந்தது? அன்று சொல்லாமல் எல்லாம் முடிந்த பிறகு கடிதத்தில் சொல்கிறாய்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் மெஷின் வருகிறது. மண்ணை வெட்டிவிட்டால் பிறகு மாற்ற இயலாது. இப்போது ஹுமைத் சேரிடம் போய் நான் எதைச் சொல்வது?

ஜெனீரா


ஆனைக்கல் தோட்டம்,
16.02.2025

அன்புள்ள ஜெனி,

நீ கேட்ட கேள்வியைப் பத்து நாளாக யோசித்தேன்.

அன்று காலை உன்னைப் பார்க்க ஆசையாகத்தான் இறங்கி வந்தேன். ஓடி வந்து கட்டிப் பிடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். களத்தில் கால் வைத்ததும் என் கால்கள் தாமாகப் போய் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டன. அது என் அம்மா நின்ற வரிசை. நான் ஒரு நாளும் கொழுந்து எடுக்கப் போனவளில்லை, எனக்கு அங்கே பேரும் இல்லை. இருந்தும் நின்றேன். நீ கேட்டாய், என் வாயும் "சரிங்க" என்றது. உன்னைப் பார்த்து, ஜெனி, உன்னைப் பார்த்து! வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதனால் உன் சேரிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. மார்ச் ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், பின்னேரம் வா. கீழே காமன் ஊன்றியிருப்பார்கள். பெரட்டுக் களத்துக்கு வராதே, நேரே மேலே செம்மண் மேட்டுக்கு வா. தாள் வேண்டாம், படம் வேண்டாம். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் மட்டும் எடுத்து வா. சின்னராசா அண்ணனிடம் தப்பை மேலே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு நோன்பு நாள் என்று தெரியும். வெயில் தணிந்து வந்தால் போதும்.

உன்,
நிரஞ்சி


பண்டாரவளை,
12.03.2025

என் நிரஞ்சி,

மூன்று நாளாகிவிட்டது. இன்னும் என் காதில் அந்தத் தப்பு நிற்கவில்லை. நீ பக்கத்திலேயே நின்றாய், எல்லாம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதாவிட்டால் எனக்குத் தாங்காது.

நான் வந்தபோது என்ன இருந்தது? வெறும் மண். அங்கொருவர் இங்கொருவராக ஆட்கள். வந்த காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். சின்னராசா அண்ணன் சுள்ளி கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டே என்னிடம் சொன்னாரே, "மிஸ், அந்தக் காலத்துல பெரட்டுக்குக் கூப்பிட்டதும் இதே தப்புத்தாங்க. அடிதான் வேற" என்று. பிறகு அடித்தார்.

அல்லாஹ்வே! மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு, ஈரத் தலையோடு, கையில் அகப்பையோடுகூட ஒருத்தி வந்தாள். யாரும் யாரையும் அங்கே நில், இங்கே நில் என்று சொல்லவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு வட்டம். கிழவர்கள் பாறைப் பக்கம், பிள்ளைக்காரிகள் மேட்டுப் பக்கம், சாமி வருவதற்குக் கிழக்கே ஒரு வழி விட்டு. நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன், இந்தத் தொழிலில் எத்தனையோ பேரின் கீழ் வேலை செய்தேன். ஒரு வெறும் நிலம் இப்படி ஒரே மூச்சில் ஓர் இடமாக மாறுவதை நான் கண்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ முதுகில் குத்தி "சுண்ணாம்பைப் போடுடி" என்று சொல்லியிருக்காவிட்டால் அப்படியே நின்றிருப்பேன்.

அவர்களுடைய குதிகால்களுக்குப் பின்னால் தூளைத் தூவிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிக நல்ல கோடு அது. அதை நான் போடவே இல்லை. என் பூப்பாத்தி, நடைபாதை, வாங்குகள் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளே மாட்டிக்கொண்டன. அப்போதுதான் கொழுந்து எடுக்கும் அங்கம்மா அக்கா முதல் தடவையாகச் சொன்னார், "அந்தப் பூப்பாத்தி வேணாங்க மிஸ்." அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "கல்யாணப் பந்தலும் சாவுப் பந்தலும் பின்ன எங்கங்க போடுறது?" "தண்ணி பைப்பு ஒண்ணு போடுங்க, புல்லு வேணாம்." வாங்கு ஏன் வேண்டாம் என்று கேட்டதற்கு அங்கம்மா அக்கா சொன்னதை எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்: "நாள் பூரா அந்தப் பள்ளத்தப் பாத்துக்கிட்டுத்தாங்க கொழுந்து எடுக்குறோம். சாயந்தரமாச்சும் மனுச மூஞ்சியப் பாக்க வேணாமா?"

நோன்பு திறக்கும் நேரம் வந்ததே, அதை எப்படி எழுதுவேன்? நான் யாரிடமும் சொல்லவில்லை. பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தேன், தப்பு நின்றுவிட்டது. அத்தனை பேரும் சத்தமில்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயில் வைத்த பிறகுதான் அங்கம்மா அக்கா மூடி வைத்திருந்த பிளேன்டீயை நீட்டினார்.

ஹுமைத் சேரிடம் சுண்ணாம்புக் கோட்டின் படத்தைக் காட்டினேன். "பழையதைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடு. இந்தக் கோட்டில் கை வைக்காதே" என்றார். கண்காட்சி போனதில் கொஞ்சம் வலிக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது பெரிய சேதி. நம் நிறுவனத்தில் மக்கள் தொடர்புக்கென்று ஒரு புது வேலை வருகிறது. சேரிடம் உன் பேரைச் சொன்னேன், அவரும் சம்மதித்துவிட்டார். ஜூனிலிருந்து நீ பண்டாரவளையில் என்னோடு! ஜன்னலோரம் உனக்கு மேசைகூடப் பார்த்துவிட்டேன். வீடும் என் தெருவிலேயே ஒன்று இருக்கிறது. நீ சரி என்றுதான் சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். பெருநாளுக்கு உனக்குப் பிடித்த வட்டிலப்பம் பஸ்ஸில் வரும். ஜீவனுக்குக் கொடுக்காமல் நீயே சாப்பிடு.

ஆசையுடன்,
உன் ஜெனி


ஆனைக்கல் தோட்டம்,
கீழ்ப்பிரிவு.
06.04.2025

அன்புள்ள ஜெனி,

பெருநாள் நல்லபடி முடிந்திருக்கும். வட்டிலப்பம் ஆடாமல் அசையாமல் வந்து சேர்ந்தது. கொண்டக்டர் மடியில் வைத்துக் கொண்டு வந்தாராம்.

சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துவிட்டது. நான் பதறிப் போய் மேலே ஓடினேன். அங்கே கோடு இருந்த இடமெல்லாம் கல். தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது ஆளுக்கொரு கல்லாகக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. மெஷின்காரர் வந்தால் இதைத் தாண்ட மாட்டார். நான் அந்தக் கல் வட்டத்துக்குள் தனியாக நின்று நாலு பக்கமும் பார்த்தேன். எங்கள் ஆட்களா இவர்கள் என்று இருந்தது.

அங்கே நின்றுதான் உனக்கு என்ன பதில் எழுதுவது என்று தீர்மானித்தேன். இதை எழுதுவதற்குள் தாள் தாளாகக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஜீவன் சிரிக்கிறார்.

இல்லை, ஜெனி. நான் வரமாட்டேன்.

மேசை நல்ல மேசையாகத்தான் இருக்கும். சம்பளமும் கூட. ஆனால் எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு இருக்க ஆசை. தியாகமெல்லாம் இல்லை, இது என் விருப்பம். மேலே புது வீட்டில், அந்த வட்டத்தைப் பார்த்த வாசலில் உட்கார்ந்து கொப்பி திருத்த வேண்டும் என்று ஆசை. நீ என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, மேசையைப் பார்த்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் நான் இருந்த காலத்தில் எந்தப் பாடம் படிப்பது, எந்த நிறத்தில் சட்டை தைப்பது, எல்லாவற்றையும் நீ ஆசையோடு சொல்வாய், நான் சரி என்பேன். பிடித்துத்தான் சொன்னேனா, வேறு சொல் தெரியாமல் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. என் அம்மாவின் வரிசையை நான் உங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டு வந்திருக்கிறேன் போலிருக்கிறது. உன் அன்பு எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் இப்போது துணிந்து எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வட்டிலப்பம் பிடிக்காது. முதல் நாளிலிருந்தே பிடிக்காது. உம்மா அவ்வளவு ஆசையாகக் கிண்ணத்தில் போட்டுத் தந்தார், நான் அந்த இரண்டு வருடமும் விழுங்கினேன். இந்தத் தடவை ஜீவன்தான் முழுவதையும் சாப்பிட்டார். உம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

மெஷின் வருகிற அன்று எல்லோரும் மேலே கூடுகிறோம். உனக்கு வாங்கு கிடையாது, பாறைப் பக்கம் கிழவர்களோடு உட்கார்ந்துகொள். இதைப் படித்துக் கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படு. ஆறியதும் வா. வர இயலாதென்றால், இயலாது என்று எழுது. எனக்கு எழுத முடிந்ததே, உனக்கும் முடியும்.

என்றும் உன்,
நிரஞ்சி