எமன் முகத்துக்குப் புளியங்கொட்டைப் பசை

புளியங்கொட்டைப் பசை காய்ச்சுகிற வாசனை பின்கட்டிலிருந்து வருகிறது. துணியும் சாமானும் வாங்க வந்தவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? நீ செய்த எமன் முகத்துக்குத் தாடை போய்விட்டது, கரப்பான் தின்றிருக்கிறது. மாசி நெருங்குகிறதே என்று உன் மகள் அவனைப் பழைய சேலையில் சுற்றி மடுல்சீமையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து என் கடை மேசையில் வைத்தாள். இந்த வருஷம் காமன் கூத்தில் எமன் வேஷம் அவள் புருஷனுக்காம். அப்படியே ரயிலையும் பார்க்க வேண்டுமாம். ரயில் இப்போது பதுளை வரைக்கும் வருகிறது. உனக்கு அது தெரியாது.

தாடையை ஒட்டுவதற்காக உள்பக்கம் பார்த்தேன். என் கடையில் பொட்டலம் மடிக்கிற தாள்தான், அடுக்கடுக்காக. எங்கள் ஆட்கள் அண்ணனை அழைக்கிறபடியே ‘நானா’ என்று நீ முதல்முதலாக வந்து கேட்டது நினைவிருக்கிறது.

“நானா, பழைய தாள் இருந்தா குடுங்க. எமனுக்கு மூஞ்சி செய்யணும்.”

“எமனுக்கு என் கடைத் தாள்தான் கெடச்சுதா?”

“நீங்க தராசு புடிக்கிறதப் பாத்தா எமனே பயப்படுவாரு நானா. அந்தப் பயம் மூஞ்சில இருக்கட்டும்.”

தாளை ஊறவைத்து, இடித்து, பசை கலந்து, களிமண் அச்சில் அப்பிக் காயவைத்தாய். கோரைப்பல்லுக்குத் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. வெங்காயம் சுற்றிய தாளும் அதில் கலந்திருந்ததால் உங்கள் எமன் வெங்காயம் தின்பவன் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கேலி செய்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

முகத்தைக் கட்டுகிற முறையில் மட்டும் நீ விளையாட மாட்டாய். உங்கள் வழிபாட்டில் எனக்கு இடமில்லை, நட்புக்காக வந்து ஓரமாக நின்று பார்ப்பேன். காமன் பந்தலின் நடுவில் நீ வெறும் முகத்தோடு வந்து நிற்பாய். நாலு பக்கமும் முகத்தைக் காட்டுவாய். உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் உரக்கச் சொல்லிக் கும்பிடுவாய். பிறகுதான், ஊர் பார்த்திருக்க, எமன் முகத்தை எடுத்துக் கட்டுவாய். மறைவில் கட்டிக்கொண்டு வரக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“கட்டுனத யாரும் பாக்கலேன்னா அது வேசமில்ல நானா. நெசமாவே அவரு வந்துட்டாருன்னு அர்த்தம்” என்றாய்.

நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன். அது உங்கள் லயத்தில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம் என்று அந்தக் காய்ச்சல் வந்தபோதுதான் தெரிந்தது.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிகிற காலம் அது. காய்ச்சல் பதுளைக் கடைத்தெருவைத் தொட்டு, பசறை வழியாக மேலே ஏறியது. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் வெள்ளைத் துணிகளை என் கடையில்தான் தைத்தோம். உங்கள் தோட்டத்துக்கானதை மாட்டுவண்டியில் நானே கொண்டுவந்தேன். மருந்து கொடுப்பவர் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர். துணியைக் கண்டதும் நிம்மதியாகக் கட்டிக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு லயத்துக்கு இறங்கினார். நான் பின்னால் போனேன்.

ஒரு கதவும் திறக்கவில்லை. முகமில்லாமல் ஒன்று வெள்ளையாக வருகிறது, அது கட்டியதை யாரும் பார்க்கவில்லை. உள்ளே தாழ் போடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. உன் கதவும் மூடியிருந்தது. உன் மகள் உள்ளே நினைவில்லாமல் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும். எமன் வேஷம் கட்டுகிற ஆளே எமனென்று பயந்து கதவை மூடிக்கொண்டால் என்னதான் சொல்வது! நான் முன்னால் போய்த் தட்டினேன்.

“நீங்க போங்க நானா. பின்னால நிக்கிறது என்னான்னு தெரியாம தொறக்க மாட்டேன். எனக்கு ஒரே புள்ள.”

“மருந்து கொண்டு வந்திருக்கிற ஐயாதான்!”

“மூஞ்சி எங்க?”

அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஒரே பிள்ளை என்றதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. அந்த இளைஞருக்குத்தான் பொறுமை போயிற்று. விடியலிலிருந்து நடந்தவர். துணியைப் பிடுங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, லயமெல்லாம் கேட்கக் கத்தினார்.

“நான் பேயில்லை, மனுசன்! கந்தையாவின்ர மகன் செல்லத்துரை! இனியாவது கதவைத் திறவுங்கோ!”

கோபத்தில் சொன்னதுதான். வெறும் முகம், தன் பெயர், அப்பா பெயர். வேறென்ன வேண்டும் உனக்கு? தாழ் விலகியது. நீ அவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தாய்.

“இப்ப கட்டிக்கங்க ஐயா. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கட்டினார், உள்ளே போனார். அடுத்த கதவிலும் அதையே செய்யச் சொல்லி நீ கூடவே நடந்தாய். ஒவ்வொரு வாசலிலும் அவர் முகத்தைக் காட்டிப் பெயர் சொல்லிக் கட்ட, கதவுகள் திறந்தன. உன் மகள் பிழைத்தாள். எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கிய உனக்குக் காய்ச்சல் வந்தது. உனக்கும் ஒரு துணி தந்திருந்தேன், அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாய்.

வண்டியில் உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மூடிக் கட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். கட்டிக்கொண்டு வந்தேன். போர்வைக்குள்ளிருந்து என்னைப் பார்த்து நீ சுவரோடு ஒண்டினாய். திரும்ப வாசலுக்குப் போய், துணியை இறக்கி, “மீரான் மகன் காதர்” என்றேன். உன் முகம் இளகியது.

“இப்ப கட்டிக்கங்க நானா. புள்ள கஞ்சி குடிக்குதா?”

“எழும்பி உட்கார்றாளாம்.”

தலையாட்டினாய். பிறகு போர்வையை முகத்திலிருந்து விலக்கினாய். கையைக் கூப்பி, உன் பெயரையும் உன் அப்பா பெயரையும் சொன்னாய். நான் சொன்னதற்குப் பதிலுக்குக் கேலி செய்கிறாய் என்று எண்ணிச் சிரித்தேன். துணிக்குள் சிரித்தது உனக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் ஆள் வந்து நீ போய்விட்டாய் என்று சொன்னான். அன்றும் கடை திறந்தேன், வியாபாரமும் நடந்தது. யாருக்கு என்ன கொடுத்தேன் என்பது மட்டும் நினைவில்லை.

தாடை காய்ந்து, கறுப்பும் சிவப்பும் பூசி, இன்று எமனை உன் மகள் கையில் கொடுத்தேன். அவள் உடனே எழவில்லை.

“மாமா, அப்பா கடைசியா என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் பெருசா சொல்லல்ல மகள். பேரைச் சொன்னான். அவன் பேரையும் அவன் அப்பா பேரையும்.”

“மொகத்த காட்டினாரா?”

“போர்வைய வெலக்கிக் காட்டினான்.”

“அப்ப சரி” என்றாள். எமனைச் சேலையில் சுற்றிக்கொண்டு ரயில் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ கேலி செய்யவில்லை. எமன் முகம் கட்டப்போகிறவன் கட்டுமுன் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறாய். பந்தலில் ஊரே நிற்கும், அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

இப்போதும் யார் வீட்டு வாசலில் நின்றாலும் என் பெயரோடு வாப்பா பெயரையும் சொல்லித்தான் உள்ளே போகிறேன். “உங்களைத் தெரியாதாக்கும்” என்று வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். நீ கட்டியதைப் பார்க்க ஓர் ஆள் இருந்தான். ஆகையால் அது வேஷம்தான், நெசமாகவே எமன் வந்துவிடவில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.