போனில் காட்டிய மருந்துச் சீட்டு

உங்கள் அப்பாவின் பக்கத்திலேயே நாற்காலியில் தூங்கிவிட்டீர்கள். எழுப்ப மனசு வரவில்லை, எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். மாமாவுக்குக் கஞ்சி அடுப்பில் மூடி இருக்கிறது, சூடு பண்ணிக் கொடுங்கள்.

நேற்று நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்து, மாமாவுக்கு டாக்டர் எழுதிய சீட்டின் போட்டோவைப் போனில் காட்டினீர்கள். "போட்டோவுக்கெல்லாம் மருந்து கிடையாது, நகருங்க" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. விதி அதுதான்: நேரில் கொண்டுவராத சீட்டை டாக்டரே கடைக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வேறு யாராவது அப்படி வந்து நின்றால், "உட்காருங்க, நானே டாக்டர்கிட்ட பேசி அனுப்பச் சொல்றேன்" என்பேன். தினமும் செய்கிற வேலை. வீட்டு ஆளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று கூட வேலை செய்பவர்கள் பேசுவார்களோ என்று பயந்து, முன்பின் தெரியாதவருக்குச் செய்வதைக்கூட உங்களுக்குச் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தும் நீங்கள் உம்மென்று இருந்ததற்கு எரிந்து விழுந்தேன்.

இன்று டாக்டர் கண்விழித்ததும் எடுத்த முதல் போன் என்னுடையதுதான். சீட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டார். கடை திறந்ததும் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடி வருகிறேன். வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, உள்தாழ்ப்பாள் போட வேண்டாம்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன், இந்தத் தாளைத் திருப்பிப் பிடித்துப் படியுங்கள்: மாமா முதுகுவலியில் புரண்டுகொண்டே, "அவளை ஒண்ணும் கேக்காதடா, கடைன்னா சட்டதிட்டம் இருக்கும்ல" என்று உங்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.